இஞ்சி வைத்த சொல்

இஞ்சி வாசம் பட்டாலே எனக்குக் குமட்டும். கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் இஞ்சி ரொட்டி சுடும்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று கேட்பவர்களிடம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று மழுப்புகிற பழக்கம் எனக்கில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் அதற்குப் பிறகு கையிலிருக்கும் ரொட்டியை மெல்லுவதும் துப்புவதும் அவர்கள் பாடு.

என் அப்பா ஜேபஸ் ஹோல்ராய்ட் குதிரை வியாபாரி. லிங்கன்ஷயர் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஸ்கார்த்பியில் ஆகஸ்ட் மாதம் கூடும் சந்தையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. குதிரை வளர்க்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் குதிரையைக் காட்டுகிறவர். நொண்டியும் இளைப்பு நோய்க்காரனும் பல் போன கிழடும் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வரும். முன்வாசல் வழியாக இளவரசன் மாதிரி வெளியே போகும். நடுவில் நடப்பதுதான் எங்கள் தொழில். பல்லை அரத்தால் ராவி வயதைக் குறைப்பார்கள். கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தால் தோலில் ஊசித் துளை போட்டு, இறகுத் தண்டை வைத்து ஊதி உப்பவைப்பார்கள். லாயக்காரன் எஃப்ரைம் கிழட்டுக் குதிரையின் கண்ணருகே வாயை வைத்துக் கன்னம் புடைக்க ஊதுவதைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் பல நாள் காலைக் கஞ்சி குடித்திருக்கிறேன்.

இவையெல்லாம் சில்லறை வேலைகள். எங்கள் தொழிலின் உச்சம் வேறு. அதற்கென்று ஒரு சொல்லே இருந்தது: ஃபீக். குதிரையை ஃபீக் பண்ணுவது.

ஆண்டவன் வெளியே தள்ளுவதற்கென்று குதிரையின் வாலுக்குக் கீழே ஒரு வழி வைத்தான் அல்லவா, அந்த வழியில் உரித்த இஞ்சித் துண்டை உள்ளே தள்ளுவதற்குத்தான் அந்தப் பெயர். எரிச்சல் பொறுக்காமல் குதிரை வாலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் கால் பாவாமல் ஆடும். கண்ணில் தண்ணீர் கட்டிப் பளபளக்கும். வாங்க வந்தவர் இடுப்பில் கை வைத்து நின்று, என்ன துடிப்பு, என்ன இளரத்தம் என்று வியப்பார். இந்தத் தொழிலுக்கு இஞ்சி வருவதற்கு முந்திய காலத்தில் உயிருள்ள விலாங்கு மீனையே விட்டார்களாம். எங்கள் தாத்தா அதில் கெட்டிக்காரர் என்று அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெருமை அடித்துக்கொள்வார். மற்றவர்கள் வீட்டில் பாட்டனாருடைய வாளும் பதக்கமும் பெருமையாக இருக்கும். எங்கள் வீட்டுக்கு வாய்த்தது விலாங்கு.

இதில் ஒரு கட்டுப்பாடு வேறு. ஃபீக் பண்ணாத குதிரையை எந்த வேலைக்காரனாவது முற்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினால் தண்டம் கட்ட வேண்டும். மறந்தேன் என்றாலும் சரி, பாவம் பார்த்தேன் என்றாலும் சரி, எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். அயோக்கியத்தனத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பங்கு இஞ்சி உரிப்பது. கப்பலில் வரும் இஞ்சி காய்ந்து சுக்காகத்தான் வந்து சேரும். முதல் நாளே ஊறப்போட்டு, தோல் சீவி, ஓரம் கூர்மையில்லாமல் இழைத்து, கட்டைவிரல் அளவுக்குத் துண்டு போட வேண்டும். அம்மா போனபிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு விரல்கள் மெல்லியவை, வேலை சுத்தமாக இருக்கும் என்று அப்பா நாலு பேர் முன்னால் பாராட்டுவார். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் விரல்களை எங்கேயாவது ஒளித்துவைக்கலாம் போலிருக்கும். எத்தனை முறை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்தக் காரம் தங்கிவிடும். தெரியாமல் கண்ணைத் தொட்டால் அன்று முழுக்க அழுகைதான். நல்லவேளை, அழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ராஜாவுக்குப் புத்தி பேதலித்துத் தெளிந்ததென்று ஊரெல்லாம் மணி அடித்தார்களே, அந்த வருஷம்தான் பெல்வுட் எங்கள் முற்றத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அக்காள் ஒருத்தி கண்ணை மூடியதில் வீடும் புல்வெளியும் சின்ன வண்டி ஒன்றும் கைக்கு வர, வேலையை விட்டுவிட்டார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வண்டிக்கு ஒரு குதிரை தேவை. வீட்டுக்கு ஒரு பெண் தேவை என்பதையும் என் அத்தை ட்ரூசிலா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

எனக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பெல்வுட் மேல் எனக்கு ஆசை இருந்தது என்று சொன்னால் பொய். அவருக்குத் தலை வழுக்கை, பேசும்போது உதட்டோரம் எச்சில் தெறிக்கும். ஆனால் அவர் வீட்டு வாசலில் சாணி கிடக்காது, அவர் மேஜையில் விலாங்குப் பேச்சு நடக்காது. மெல்லிய விரல்களை வைத்துக்கொண்டு அங்கே தையல் போடலாம், புத்தகத்தைப் புரட்டலாம், சும்மாகூட இருக்கலாம். இந்த முற்றத்தை விட்டுப் போக எனக்கு வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும் என்று அவர் முதல் முறை தொப்பியைக் கழற்றி வணங்கியபோதே முடிவு செய்துவிட்டேன்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. சொற்கள். ஒரு சொல் காதில் விழுந்தால் அது எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, எந்தக் கப்பலில் வந்தது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. அன்று எஃப்ரைம் லாயத்துக்குள்ளிருந்து, மூன்றாவது கொட்டடியில் இருப்பதை ஃபீக் பண்ணியாயிற்றா என்று கத்தினான். பெல்வுட்டின் காது நிமிர்ந்தது. அப்பாவிடம் திரும்பி, அது என்ன சொல் என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார், எஃப்ரைமைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு முகம் மாறாமல் சொன்னார்.

"தொலக்குறதுங்க ஐயா. சந்தைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி தேச்சு, தூசி தும்பு பெருக்கி, பளபளன்னு ஆக்குவோம் பாருங்க. அதச் சொல்றான்."

பெல்வுட் கையைத் தட்டிக்கொண்டார். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் இரண்டு குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டோமோ என்று தோன்றும். சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடிக்க அந்தக் காலத்தில் வந்த டச்சுக்காரர்களின் பேச்சில் பெருக்குவதற்கும் துலக்குவதற்கும் 'ஃபேகன்' என்று ஒரு சொல் உண்டாம். ஜெர்மானியர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். துடைப்பமும் கையுமாக அது கரையேறி எங்கள் லாயத்துக்கு வந்திருக்கிறது என்று முற்றத்தின் நடுவில் நின்று எனக்குப் பாடமே எடுத்தார். எஃப்ரைம் வாயைப் பொத்திக்கொண்டு குதிரைக்குப் பின்னால் போய்விட்டான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். பொய் சொல்ல வாயைத் திறந்த அப்பாவிடமிருந்து உண்மை தவறி விழுந்திருந்தது. சொல் பிறந்த இடம் துடைப்பம்தான். அது போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் இரண்டு மூன்று முறை வந்தார். மூன்றாவது கொட்டடியில் நின்ற சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை அவருக்குப் பிடித்துவிட்டது. என்னையும் பிடித்துவிட்டது என்று அத்தை சொன்னாள். சந்தை நாளன்று விருந்துக்கு வரச் சொல்லி, இரண்டு பேச்சையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது என்று அப்பா தீர்மானித்தார். குதிரைப் பேச்சு முதலில், கல்யாணப் பேச்சு பிறகு. வரிசையை மாற்றினால் மாப்பிள்ளை முறுக்கில் குதிரைக்குப் பேரம் பேசுவார் என்பது அவர் கணக்கு.

சந்தை நாளும் வந்தது. காலையில் வழக்கம்போல இஞ்சி உரித்துக் கூடையில் போட்டேன். அந்தச் சாம்பல் குதிரைக்கான துண்டும் அதில்தான் இருந்தது. அவள் பாவம், படுத்தால் எழுந்திருக்க முடியாத கிழவி. தெரிந்துதான் உரித்தேன். பிறகு அத்தை என்னை மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

இடுப்புக் கச்சையை அவள் இழுத்துக் கட்டியதில் எனக்கு மூச்சு கழுத்தோடு நின்றுவிட்டது. கம்பளித் துணியால் கன்னத்தைத் தேய்தேய் என்று தேய்த்துச் சிவக்கவைத்தாள். மிளகுத்தூள் போட்ட ஜின்னை ஒரே மடக்கில் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். பின்னால் நின்று என் தோளை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். குதிரையை எஃப்ரைம் பார்ப்பான் அப்படி. அவளுக்குத் திருப்தியில்லை.

"மொகம் செத்துப்போய்க் கெடக்குடி. கண்ணுல உசுரு இல்ல. இந்தா, இத மெல்லு. முழுங்கிடாத."

உள்ளங்கையில் ஓர் இஞ்சித் துண்டு. தோல் சீவியது, ஓரம் இழைத்தது, கட்டைவிரல் அளவு. நான் என் கையால் இழைத்த துண்டு எனக்குத் தெரியாதா?

"இது எந்தக் கூடையிலேருந்து எடுத்தது அத்தை?"

"எந்தக் கூடையா இருந்தா என்ன? புதுசுதான். சத்தியமாப் புதுசு."

யாரும் கேட்காதபோது சத்தியம் செய்கிறவளை எப்படி நம்புவது? எங்கள் லாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல துண்டாக இருந்தால் எஃப்ரைம் அதைக் கழுவி, மறுபடியும் கூடையில் போடுவான். அப்பா வீண் செலவு பிடிக்காத மனிதர். என் வாய்க்கு வந்தது புதுத் துண்டா, ஒரு தடவை குதிரைக்குள் போய்வந்த துண்டா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மென்றேன். மென்றால்தான் அந்தக் கதவு திறக்கும் என்று நினைத்து மென்றேன். காரம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் கட்டியது, கன்னம் எரிந்தது, நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் வைத்தேன். அத்தை கையைத் தட்டி, இப்போதுதான் இந்தப் பெண்ணுக்குக் களை வந்திருக்கிறது என்றாள்.

மாடிப்படி இறங்கும்போது முற்றத்துப் பக்கம் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெளியூர் வியாபாரிகள், எங்கள் லாயக்காரர்கள். அப்பா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். எஃப்ரைம் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"ட்ரூசிலாம்மா தண்டம் கட்ட வேண்டியதில்ல. சுத்தமா ஃபீக் பண்ணித்தான் எறக்கியிருக்காங்க."

சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அருவருப்பு உள்ளங்காலிலிருந்து ஏறியது. ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், இந்த முகங்களை இனி ஆயுசுக்கும் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேஜையில் கீரை திணித்த பன்றிக் கழுத்துக்கறி, பிளம் ரொட்டி, குடம் குடமாய் பீர். பெல்வுட்டை எனக்கு எதிரே உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாக முற்றம் தெரியும். எஃப்ரைம் சாம்பல் குதிரையை அங்கே நடக்கவிட்டிருந்தான். வாலைத் தூக்கிக்கொண்டு அவள் குமரி மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள். பெல்வுட் அவளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். இரண்டும் அவருக்கு நிறைவாக இருந்தது முகத்திலேயே தெரிந்தது. குதிரைக்கு விலை பேசிக் கைகுலுக்கல் முடிந்தது. அடுத்தது நான்.

அவர் எழுந்து நின்றார். கோப்பையை உயர்த்தினார். ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால் எங்களுக்குக் கௌரவம் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஹோல்ராய்ட், ஒங்க மகள இன்னிக்கு எவ்வளவு அழகா ஃபீக் பண்ணியிருக்கீங்க. பாக்குறதுக்கே கண்ணு கூசுது."

ஒருத்தன் வாயிலிருந்த பீரைத் தட்டிலேயே துப்பினான். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. மேஜையைக் குத்தினார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அத்தை ஏப்ரன் துணியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெல்வுட்டும் சிரித்தார். பாவம், தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று அவருக்குப் பூரிப்பு. இன்னொரு முறை சொன்னார். வேறு வேறு மாதிரித் திருப்பிச் சொன்னார். கல்யாணமான பிறகும் தினம் தவறாமல் என்னைத் தன் கையாலேயே ஃபீக் பண்ணி வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். ஒருத்தன் நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டான்.

நான் பெல்வுட்டைப் பார்த்தேன். உதட்டோரத்தில் எச்சில், கண்ணில் ஒரு குழந்தைச் சந்தோஷம். அந்த ஆளிடம் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. வாயை மூடிக்கொண்டு நானும் சிரித்துவைத்தால் வேலை முடிந்தது. இந்த முற்றத்தை விட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தச் சொல்லும் என் கூடவே வரும். சாணி இல்லாத அந்த வாசலில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், அவர் என்னைக் கொஞ்சுவதற்கென்று அதையே வைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் என் வாயில் இந்தக் காரம் ஊறும். மென்றதை இன்னும் துப்பியிருக்கவில்லை. அப்போதுதான் கைக்குட்டையில் துப்பினேன்.

"ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க. ஒரு சொல்லுக்கு அர்த்தம் காட்டணும்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. கெசியா, உட்கார் என்றார். நான் உட்காரவில்லை. சொல் என்று காதில் விழுந்ததும் பெல்வுட் ஆர்வமாக எழுந்து வந்துவிட்டார். முற்றத்தில் எஃப்ரைம் வழிமறிக்கப் பார்த்தான்; அவனைத் தள்ளிவிட்டுக் குதிரையிடம் போனேன். அவள் கழுத்தில் தட்டி, காதோடு ஏதோ சொன்னேன். எதுவும் சொல்லாமல் பின்னால் கை வைத்தால் உதைப்பாள். பிறகு பின்னால் போய் வாலை ஒதுக்கி, என் மெல்லிய விரல்களால் அந்தத் துண்டை வெளியே எடுத்தேன்.

எடுத்த மாத்திரத்தில் அவள் வால் தொங்கியது. தலை தொங்கியது. நான்கு காலும் தள்ளாடி, ஒரு பெருமூச்சு விட்டாள். வண்டி இழுக்க வந்த குமரி போய், அங்கே கிழவி ஒருத்தி நின்றாள். பின்தொடையில் அழுக்கு வடிந்தது. நான் அந்தத் துண்டைக் கையை நீட்டி பெல்வுட்டுக்குக் காட்டினேன்.

"இதுதாங்க ஃபீக். இஞ்சிய உள்ள வெக்கிறது. தொடைப்பமும் இல்ல, தொலக்குறதும் இல்ல. எஃப்ரைம் வெப்பான், எங்கப்பா காட்டுவாரு, தோல் சீவித் தர்றது நான். மாடில எனக்கும் இதத்தான் மெல்லக் குடுத்தாங்க."

அவர் துண்டைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். முகம் மாவு பூசியது போல வெளுத்தது. இரண்டடி தள்ளிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தார். பின்னாலேயே வந்திருந்த ஆண்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. வாங்குகிறவர் கையை விட்டுப் போகிறாரே என்ற கவலை மட்டும் அப்பா முகத்தில் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் என்னைத் தாண்டி நேராகக் குதிரையிடம் போனார். அவள் நெற்றியைத் தடவினார். கண்ணோரத்து ஈரத்தைத் தன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தார். அப்பாவிடம் திரும்பி, கைகுலுக்கியது கைகுலுக்கியதுதான், பேசிய விலையில் ஒன்றும் குறைக்க வேண்டாம், இவளை இப்போதே கொண்டுபோகிறேன், வண்டியில் பூட்டமாட்டேன், என் புல்வெளியில் சாகும்வரை மேயட்டும் என்றார். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வாழ்நாளில் உண்மை வெளிப்பட்ட பிறகும் குதிரை விற்றது அன்று ஒரு நாள்தான்.

நான் அங்கேயே நின்றேன். கையில் இன்னும் அந்தத் துண்டு. என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் காத்துக்கொண்டுதான் இருந்தேன். குதிரைக்கு இரங்கிய மனிதர் எனக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

"ஐயா, நான்?"

நின்றார். அதுவரை என்னை 'நீங்க' என்று மரியாதையாகப் பேசிவந்தவர்.

"இது வாயில்லா ஜீவன். இதால என்ன பண்ண முடியும்? ஒனக்கு வாய் இருந்துச்சே. இத்தன வருஷம் உரிச்சுக் குடுத்துக்கிட்டுத்தான இருந்த?"

சொல்லிவிட்டு நடந்தார். குதிரைக்கு வலிக்காதபடி மெதுவாக, அவள் காலுக்கு ஏற்றாற்போலத் தன் காலை எடுத்துவைத்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அவளோடு தணிந்த குரலில் என்னவோ பேசிக்கொண்டே போனார். அந்த ஆளை நான் வெறுக்கவில்லை என்று பிற்காலத்தில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அந்த நிமிஷம் அவரைப் போல நான் யாரையும் வெறுத்ததில்லை. வாய் இருந்ததாம். திறந்தேனே! திறந்ததால்தானே போகிறார்? மூடிக்கொண்டு சிரித்திருந்தால் இந்நேரம் என் விரலில் மோதிரம் போட்டிருப்பார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு முள் இருந்தது, அதைப் பிடுங்கி எறிய என்னால் முடியவில்லை. உரித்தது நான்தான். அதுவும் அன்று காலையில்கூட.

அப்பா கையைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குதிரை போன நிம்மதியில் அவர் குரல் இளகியிருந்தது. முற்றத்தில் விற்காமல் மிஞ்சி நிற்பதைப் பார்க்கும்போது அவர் கண் ஒரு மாதிரி சுருங்கும். அப்படி என்னைப் பார்த்தார்.

"போனாப் போறான். நாளைக்குத் தவிட்டுக்கார மாபெட் வர்றான், அவனுக்கும் பொண்டாட்டி இல்ல. சட்டையக் கழட்டாத, அப்படியே இருக்கட்டும். வாய மட்டும் தொறந்துடாத, என்ன?"

அவரும் என் வாயைப் பற்றித்தான் பேசினார். நல்லவரும் வாய் என்றார், அயோக்கியரும் வாய் என்றார். கையிலிருந்த துண்டை அவர் காலடியில் போட்டுவிட்டு, நெருக்கும் கச்சையோடு தெருவில் இறங்கிச் சந்தை வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன். சந்தைக்குள் நுழைந்த ஒவ்வொரு ஆளிடமும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். எங்கே வைப்பார்கள், எப்படி வைப்பார்கள், எடுத்தால் குதிரை என்ன ஆகும், எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். கேட்டவர்கள் அதிர்ந்துபோவார்கள் என்று நினைத்திருந்தேன். சிரித்தார்கள். இது யாருக்குத் தெரியாது என்றார்கள். எங்கள் வீட்டுக் குதிரையை விற்கும்போது நாங்களும்தான் வைப்போம் என்றார் ஒரு விவசாயி, தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு. சர்ச்சில் கணக்குப் பார்க்கிற மனிதர், இஞ்சியைவிட வெங்காயம் மலிவு என்று எனக்கே யோசனை சொல்லிவிட்டுப் போனார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரிந்து விற்கிறார்கள், தெரிந்து வாங்குகிறார்கள், வாங்கியதை மறுபடி இஞ்சி வைத்து விற்கிறார்கள். பெல்வுட் ஒருவருக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்பாவும் அத்தையும் ஓடிவந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நான் கல்லைவிட்டு இறங்காமல் மிச்சத்தையும் சொன்னேன். மாடியில் கதவைச் சாத்தியதை, மிளகு போட்ட ஜின்னை, கன்னத்தைத் தேய்த்த கம்பளியை, வாயில் வைத்த துண்டை, மாப்பிள்ளை பார்க்கக் கீழே இறக்கிவிட்டதை. குதிரையை மட்டும் இல்லை, வீட்டுப் பெண்ணையும் இப்படித்தான் காட்டுகிறோம், அதற்கும் பெயர் ஃபீக்தான் என்றேன்.

அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டிலும் பெண் இருந்தாள்.